பழைய டிராக்டரும் கரிசல் மண்ணும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, நம் சங்க உறுப்பினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். "சார், ஊர்ல அப்பா விட்டுட்டுப் போன ஆறு ஏக்கர் இருக்கு. ரிட்டயர் ஆனதும் போய்ப் பயிர் வைக்கலாம்னு ஒரு எண்ணம். புது டிராக்டர் வாங்க வசதி இல்லை. இருபத்தஞ்சு வருஷத்துப் பழைய வண்டி ஒண்ணு விலைக்கு வருதாம். வாங்கலாமா? நீங்க டீசல் எஞ்சின்லயே காலத்தைக் கழிச்சவர் ஆச்சே!" என்று கேட்டார்.

அங்கே நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. மலரில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் விவசாயி அல்ல. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவன் என்றாலும், மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு ரயில்வேயில் சேர்ந்து, இடார்சி டீசல் ஷெட்டில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றேன். என்னோடு ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் ஒருவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இடார்சியிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளித் தன் சொந்தக் கிராமத்தில் பதினோரு ஏக்கரில் சோயாவும் கோதுமையும் போடுகிறார். 2020-ல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம் அல்லவா, அது சற்றுத் தளர்ந்ததும் நான் போய்ச் சேர்ந்த இடம் அவருடைய வயல்தான். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன். கீழே சொல்லுவதெல்லாம் அந்த வயலில் கற்றது.

அவரிடம் இருப்பது மாஸி ஃபெர்குசன் 1035. சென்னையில் 1960-ல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் வண்டி. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். 1998-ம் வருட மாடல். நான் போன நவம்பரில் அந்த வண்டியை விற்றுவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. "சாப், இது இழுக்க மாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டது" என்றார் நண்பர். மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, எஞ்சினைப் பிரித்துப் போர் செய்ய வேண்டும், 35,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருபது வயது மகனுக்கோ 50 குதிரைத்திறனில் புது வண்டி வேண்டும். அதற்கு நிலத்தை வைத்துக் கடன் வாங்க வேண்டும். பதினோரு ஏக்கர்க்காரர் எட்டு லட்சம் கடன் வாங்கினால், அதை அடைப்பதற்குள் மகன் நடுவயதுக்காரன் ஆகிவிடுவான்.

"ஒரு சால் ஓட்டிக் காட்டுங்கள்" என்றேன்.

பையன் ஓட்டினான். இங்கே கல்டிவேட்டர் என்று சொல்லும் ஒன்பது கொழுக் கலப்பையைப் பின்னால் மாட்டியிருந்தார்கள். நான் வண்டியைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தேன். ஷெட்டில் பழகிய பழக்கம். எஞ்சினுக்குச் சக்தி இல்லை என்றால், சுமை ஏறும்போது அதன் குரல் தாழும், கறும்புகை தள்ளும், கடைசியில் திணறி நிற்கும். இந்த வண்டியின் எஞ்சின் குரல் மாறாமல் பாடிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் பின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, வண்டி அரைமனதாக நகர்கிறது. இழுக்க மாட்டேன் என்றது எஞ்சின் அல்ல. சக்கரத்துக்கு மண்ணில் பிடிப்பு இல்லை.

இந்த இடத்தில் ரயில்வேக்காரன் கொஞ்சம் அளக்க அனுமதிக்க வேண்டும். எங்கள் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் எடை 112.8 டன், 2600 குதிரைத்திறன். ஆனால் புறப்படும்போது அது இழுக்கும் விசை ஏறத்தாழ 30 டன்தான். அதாவது எடையில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அதற்குமேல் இழுக்கச் சொன்னால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். மழைநாளில் புதனி மலையேற்றத்தில் சரக்கு வண்டி நின்றுவிட்டால், குதிரைத்திறன் எத்தனை இருந்தும் பயனில்லை. தண்டவாளத்தில் மணலைத் தூவித்தான் நகர்த்த வேண்டும். டிராக்டருக்கும் இதே கணக்குதான். இந்த மாஸி சுமார் 1700 கிலோ எடை. அதில் மூன்றில் இரண்டு பங்கு பின் அச்சின்மேல். உழுத மண்ணில் அந்தப் பாரத்தில் பாதி அளவுக்கு இழுவை கிடைத்தாலே பெரிய காரியம். ஆகவே பழைய டிராக்டரை வாங்குகிறவர் "எத்தனை ஹெச்.பி.?" என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. அந்த ஹெச்.பி. மண்ணுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரு சாக்பீஸும் ஒரு டேப்பும் போதும். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, அதே வயலில், அதே கியரில் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் வரை ஓட்டி, போன தூரத்தை அளந்துகொள்ளுங்கள். எங்களுக்கு 39 மீட்டர் வந்தது. பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி அதே பத்துச் சுற்று. இப்போது 29 மீட்டர். பத்து மீட்டர் காணாமல் போயிற்று. நூற்றுக்கு 26 பங்கு வழுக்கல். பத்திலிருந்து பதினைந்து பங்குவரை வழுக்கல் இருப்பது இயல்பு. வயலில் அது இல்லாமல் இராது. இருபதைத் தாண்டினால் டீசலையும் டயரையும் மண்ணில் தேய்த்து வீணாக்குகிறோம் என்று அர்த்தம். நண்பர் டேப்பைப் பிடித்துக்கொண்டு கணக்கைக் கேட்டுவிட்டு, "நாலில் ஒரு பங்கு டீசலா!" என்று தலையில் கை வைத்தார்.

காரணங்களைத் தேடியபோது ஒன்றல்ல, நான்கு கிடைத்தன.

டயரில் காற்று 25 பவுண்டு இருந்தது. கோடையில் செங்கல் டிராலி இழுத்தபோது ஏற்றியது; அப்படியே விட்டுவிட்டார்கள். ரோட்டில் பாரம் இழுக்க அது சரி. வயலில் டயர் சற்று அமுங்கி மண்ணை அகலமாகத் தழுவ வேண்டும். 12 பவுண்டுக்கு இறக்கினோம். கொழுக்களின் முனை மழுங்கிப்போய்க் கட்டைவிரல் போல இருந்தது. இந்தக் கொழுக்கள் இருமுனை உள்ளவை; போல்ட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் புது முனை. மூன்று வருடமாக யாரும் திருப்பவில்லை! டாப் லிங்க்கை மிகவும் குட்டையாகத் திருகி வைத்திருந்ததால், கலப்பை மூக்கைக் குத்திக்கொண்டு நடந்தது. இவை மூன்றும் அரைமணி நேர வேலை.

நான்காவதுதான் முக்கியமானது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களில் பலர் இருபது வருடம் ஓட்டியும் இதைக் கவனிப்பதில்லை.

இருக்கைக்கு வலப்பக்கம் ஹைட்ராலிக் லிஃப்டுக்கு இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று கலப்பையை இன்ன உயரத்தில் நிறுத்து என்று சொல்வது. இன்னொன்று இன்ன அளவு இழுவையில் நிறுத்து என்று சொல்வது. இந்த இரண்டாவதுதான் ஹாரி ஃபெர்குசன் என்ற ஐரிஷ்காரர் உலகத்துக்குக் கொடுத்த கொடை. அவருக்கு முன்னால், மாட்டுக்குப் பின்னால் கலப்பையைக் கட்டியதுபோலவே டிராக்டருக்குப் பின்னாலும் சங்கிலி போட்டுக் கட்டி இழுத்தார்கள். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர்கள், கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கியதும் முன்சக்கரம் எழும்பிப் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுகிறவர் நசுங்கி இறந்த செய்திகள் அந்நாளில் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்டன. ஃபெர்குசன், கலப்பையை டிராக்டரோடு மூன்று இடத்தில் இணைத்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க். 1946-லிருந்து 1956 வரை இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியான அவருடைய சாம்பல் நிறக் குட்டி டிராக்டரில் இந்த அமைப்புதான் இருந்தது. அதே வழியில் வந்ததுதான் நண்பரின் மாஸியும். இன்று எந்தக் கம்பெனி டிராக்டரை எடுத்தாலும் இந்த மூன்று புள்ளி இணைப்பு இருக்கும்.

இதில் உள்ள சூட்சுமம் இதுதான். கலப்பை மண்ணில் போகும்போது கீழ்க்கைகள் அதை இழுக்கின்றன. மண் தடுக்கிறது. தடுப்பதால் கலப்பை, கீழ்க்கைகளின் முனையைச் சுழல்புள்ளியாகக் கொண்டு, தலையை முன்னுக்குச் சாய்க்கப் பார்க்கிறது. அப்போது டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை ஒரு கனத்த ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. மண் இறுகினால் தள்ளல் கூடும். ஸ்பிரிங் அமுங்கி ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும். கலப்பை ஒரு விரற்கடை எழும்பும். மண் இளகினால் மறுபடி இறங்கும். ஓட்டுகிறவர் எதையும் தொட வேண்டாம். இப்படி ஹைட்ராலிக் கலப்பையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே போகும்போது, கலப்பையின் எடையும், அதைக் கீழே இழுக்கும் மண்ணின் பாரமும் பின் சக்கரத்தின்மேல் வந்து உட்காரும். இழுவை அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் சக்கரத்துக்குப் பாரமும் அதிகமாகக் கிடைக்கிறது. எங்கள் எஞ்சினுக்கு இப்படி ஒரு வசதி இருந்திருந்தால் மணல் பெட்டியே தேவைப்பட்டிராது என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர் வீட்டில் என்ன செய்தார்கள்? இரண்டு நெம்புகோலையும் ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டு ஓட்டினார்கள். கலப்பை தன் முழு எடையோடு மண்ணில் போய் விழுந்துவிடும். ஹைட்ராலிக் எதையும் தாங்கவில்லை. சக்கரத்துக்குப் பாரமும் வரவில்லை. பாசனம் விட்டுக் குழைந்திருந்த கரிசலில் எட்டு அங்குலம் புதைந்து கிடந்தது. கோதுமை விதைப்புக்கு நாலைந்து அங்குலம் போதும்.

இழுவை நெம்புகோலை மெல்ல மேலே கொண்டுவந்து, கலப்பை ஐந்து அங்குலத்தில் நிற்கும் இடத்தில் ஸ்டாப்பரை இறுக்கினோம். மறுபடி பத்துச் சுற்று. டேப் 34 மீட்டர் காட்டியது. வழுக்கல் 13 பங்கு. அன்றைக்குப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மூன்றாவது முறையும் தானே சாக்பீஸ் போட்டு அளந்து பார்த்தான். ஐந்து ஏக்கர் பக்கத்து வயலை உழ முன்பு 22 லிட்டர் டீசல் பிடித்தது, அந்த வாரம் 17 லிட்டரில் முடிந்தது. எஞ்சினைப் பிரிக்கவில்லை. 35,000 ரூபாய் வீட்டிலேயே இருந்தது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். வண்டி எவ்வளவு சரியாக இருந்தாலும் கரிசலில் நேரம் தவறினால் எல்லாம் வீண். எங்கள் ஊரில் பெரியவர்கள் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டச் சொல்வார்கள். பதம் பார்ப்பது என்று பெயர். இந்தப் பக்கத்து விவசாயிகளும் அதையே செய்கிறார்கள். அந்தப் பதத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'பதர்'! முதல் தடவை "பதர் வந்துவிட்டது, நாளைக்கு விதைக்கலாம்" என்று நண்பர் சொன்னபோது, பதரை எதற்கு விதைக்கிறார் என்று திகைத்துப் போனேன்.

கரிசலில் உள்ள களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் உழுதால் கொழு மண்ணை அறுப்பதற்குப் பதில் மெழுகிவிட்டுப் போகும். அப்படி மெழுகிய பாளம் காய்ந்தால் செங்கல். காயவிட்டு உழுதாலோ தலை பெரிசு கட்டிகளாகப் பெயரும். அதை உடைக்க இரண்டு தரம் கூடுதலாக ஓட்ட வேண்டும். நடுவில் சில நாள்கள்தான் பதம். உழும் ஆழத்திலிருந்து, மேலே இருந்து அல்ல, ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். சப்பென்று ஒட்டிக்கொண்டால் காத்திருக்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் வண்டியைக் கிளப்பலாம். நண்பர் வயலில் சோயா அறுத்து, 'பலேவா' என்ற முன்பாசனம் விட்டு, பதம் வந்து, நவம்பரில் கோதுமை விதைக்க வேண்டும். அந்தச் சில நாளில் பழைய வண்டி படுத்துக்கொண்டால் வாடகை டிராக்டருக்கு அலைய வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் எல்லா டிராக்டரும் அவரவர் வயலில் இருக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர் பழுதுபார்ப்பை அக்டோபரில் முடித்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பழைய வண்டிக்காரர்கள் செய்யும் இன்னொரு காரியம், எல்லாவற்றுக்கும் ரோட்டவேட்டரைப் போடுவது. ஒரே ஓட்டில் மண் மாவாகிவிடும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வருடா வருடம் அதே நான்கு அங்குல ஆழத்தில் கத்திகள் சுற்றினால், அதற்குக் கீழே ஒரு கெட்டித் தளம் உருவாகிவிடும். முன்பெல்லாம் ஏப்ரலில் கோதுமை அறுத்தபின் நிலம் வெறுமையாகக் கிடந்து கோடை உழவு கண்டது. இப்போது தவா அணைத் தண்ணீரில் கோடையிலும் பாசிப்பயறு போட்டுவிடுகிறார்கள். மூன்று போகம், நல்ல பணம். கோடை உழவுக்கு மட்டும் நாள் இல்லை. நண்பர் வயலில் ஒரு முழ நீளக் கம்பியைக் குத்திப் பார்த்தேன். நான்கைந்து அங்குலம் வெண்ணெய் போல இறங்கியது; பிறகு டக்கென்று நின்றது. சோயா வேர்களைப் பிடுங்கிப் பார்த்தால், எல்லாம் அந்த ஆழத்தில் முழங்கை மடக்கியதுபோலப் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. பாதி வயலில் ஒரு கோடை பயறை விட்டுவிட்டு, காய்ந்த மண்ணில் உளிக்கலப்பை ஓட்டச் சொன்னேன். அது ஆழமாகக் கிழிக்கும் கருவி. 36 குதிரைத்திறன் வண்டிக்கு ஒற்றை உளிக்கு மேல் தாங்காது. காய்ந்திருக்கும்போதுதான் தளம் நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் ஒரு கோடு விழுமே தவிர வேறு பயன் இல்லை. அந்தப் பாதியில் அடுத்த மழைக்குத் தண்ணீர் தேங்கவில்லை. மறுபாதியில் முட்டி அளவு நின்றது. மீதி வயலையும் உளிக்கலப்பைக்கு விட நண்பருக்கு மனம் வர இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. பயறுப் பணம் அப்படி.

இந்தப் பகுதியில் டிராக்டர் உழவுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கர் நிலம் 'காம்ஸ்' என்னும் நாணல் வகைப் புல் மண்டிக் கிடந்தது. வேர் ஆழம் போகும். மாட்டுக் கலப்பைக்கு அடங்காது. மத்திய அரசு ஒரு டிராக்டர் அமைப்பை ஏற்படுத்தி, யுத்தத்தில் மிஞ்சிய சங்கிலிச் சக்கர டிராக்டர்களை வைத்து உழ ஆரம்பித்தது. 1949-ல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த முதல் கடன் ரயில்வேக்கு. இரண்டாவது கடன் இந்தப் புல்லை உழுதெடுக்க டிராக்டர் வாங்குவதற்கு! ரயில்வேக்காரனாக இருந்து வயலுக்குப் போன எனக்கு இந்த வரிசை மிகவும் பிடித்திருக்கிறது. நர்மதைக்கு அக்கரையில் உள்ள புதனியில் 1955-ல் டிராக்டர் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. நம் நாட்டில் விற்பனைக்கு வரும் டிராக்டர்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய நிலையமாக அது வளர்ந்திருக்கிறது. விவசாயிகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள்.

சரி, கேள்வி கேட்ட நண்பருக்கு: பழைய வண்டியை வாங்கப் போகும்போது காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. கலப்பையைத் தூக்கிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அது கண்ணுக்கு எதிரே மடமடவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. ஏர் கிளீனரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள். ஆயிலில் சேறு அடைந்திருந்தால், அந்த வீட்டில் வண்டியைப் பராமரித்த விதம் மற்ற இடங்களிலும் அப்படித்தான் இருக்கும். கிளச், இரண்டு பிரேக் மிதிகளையும் ரோட்டில் ஒன்றாகப் பூட்டும் கொக்கி, பி.டி.ஓ. தண்டுக்கு மேல் மூடி, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். பெயின்ட்டைப் பார்க்கவே வேண்டாம்.

ஷெட்டில் எஞ்சின் ஆயிலைக் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை எடுத்து, அதில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று நிறமாலையில் சோதிப்போம். செம்பு கூடினால் பேரிங் தேய்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். வயலில் அந்த வசதி ஏது? விரலில் தொட்டு, வெயிலில் பிடித்து மினுமினுப்பு தெரிகிறதா என்று பார்க்கலாம். அதுவே பாதிச் சோதனை.

கடைசியாக, எழுதவே கூச்சமாக இருக்கும் ஒரு விஷயம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

2021 ஜூலை. நல்ல மழை. விதை மூட்டைகளோடு டிராலி வரப்போரச் சேற்றில் புதைந்துவிட்டது. அதைக் கழற்றி விட்டு, டிராக்டரைச் சற்று முன்னால் கெட்டித் தரைக்குக் கொண்டுபோய், சங்கிலி போட்டு இழுப்பது என்று முடிவு செய்தோம். சங்கிலியை எங்கே மாட்டுவது? கீழே இருக்கும் டிராபார் முழுக்கச் சேறு. குனிந்து சேற்றில் கைவிட வேண்டும். டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஒரு முள்ளாணி, கைக்கு எட்டும் உயரத்தில், சுத்தமாக இருந்தது. "அதிலேயே மாட்டு" என்று சொன்னது நான். முப்பத்தைந்து வருடம் இழுவையைப் பற்றியே யோசித்தவன்.

பையன் முதல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டான். டிராலி அசையவில்லை. டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டுக் கிளம்பின. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் அவை என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டன. நல்ல வேளையாகச் சங்கிலியின் கொக்கி டிராலிப் பக்கம் நழுவிக் கழன்றது. வண்டி தடாலென்று முன்னால் விழுந்தது. பையன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் கால் கிளச்சுக்குப் போகவே இல்லை. போக நேரமும் இல்லை.

ஃபெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பைப் பற்றி அவ்வளவு பேசிய நான், அதில் மேல் புள்ளியை மட்டும் எடுத்துச் சங்கிலி மாட்டச் சொன்னேன். டாப் லிங்க் இருக்கும் இடம் கலப்பை டிராக்டரை முன்னால் தள்ளுவதற்கு. பின்னால் இழுபடுவதற்கு அல்ல. பின் அச்சுக்கு மேலே சங்கிலி மாட்டினால், இழுக்கும் விசை முழுவதும் வண்டியைப் பின்புறமாகக் கவிழ்க்கும் நெம்புகோலாக மாறுகிறது. சக்கரம் சுற்ற முடியாமல் நின்றாலோ, அச்சைச் சுற்றி டிராக்டரின் உடம்பே எழும்பத் தொடங்கும். முழுவதும் கவிழ ஒன்றரை விநாடி ஆகாது. ரயில் எஞ்சினுக்கு இந்த ஆபத்து இல்லை. அது எங்கேயும் எழும்பாது. நான் அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டேன். இந்தப் பழைய வண்டிகளில் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டமும் கிடையாது. எதை இழுத்தாலும், எவ்வளவு சேறாக இருந்தாலும், சங்கிலி கீழே உள்ள டிராபாரில்தான் மாட்டப்பட வேண்டும். கிளச்சை மெல்ல விட வேண்டும். ஒரு தடவை இழுத்து வராவிட்டால் மூட்டைகளை இறக்கிவிட்டு இழுக்க வேண்டும். அன்றைக்கு அப்படித்தான் இறக்கினோம். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பரின் மனைவி அன்று சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி வரை ஒன்றுமே பேசவில்லை. தேநீர் மட்டும் வந்துகொண்டிருந்தது, நண்பர் கையில். பையன் அந்தக் குளிர்காலத்தில் புதனிக்குப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தான். அங்கே அவர்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது சங்கிலி எங்கே மாட்டுவது என்பதைத்தானாம். வண்டியை விற்கவில்லை. போன நவம்பரிலும் பதினோரு ஏக்கரை அதுதான் உழுதது. கலப்பை மாட்டாத நாள்களில் அந்த டாப் லிங்க் முள்ளாணி வண்டியில் இருப்பதில்லை. அதை அந்த அம்மாள் வீட்டுச் சாவிக்கொத்தோடு சமையலறை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். எதற்கு வேண்டும் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். நானும்கூட.